விட்டுவிட்டு மிஸ் அடிக்கும் டீசல் வான்

டொல்பின் என்று இங்கே அழைக்கப்படும் பழைய டொயோட்டா ஹயேஸ் வான் ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு ஒரு விசித்திரமான பழக்கம். திருகோணமலையில் இருந்து கொழும்புக்குப் போகும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. திரும்பி வருகையில், ஹபரணையைத் தாண்டிக் கந்தளாயை நெருங்கும் காட்டுப் பாதையில், விக்கல் பிடித்தவனைப் போல இழுத்து இழுத்து ஓடும். பின்னால் நித்திரையாக இருந்தவர்கள் எழும்பிவிடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு யானை கடக்கும் தெரு அது. அங்கே நின்றுவிட்டால் என்ன கதி என்று எனக்கு வியர்த்துக் கொட்டும். எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்து, மறுநாள் காலையில் டீசல் அடித்துக்கொண்டு கராஜுக்குப் போனால், என்ஜின் நல்ல பிள்ளையாக நிற்கும். மெக்கானிக் காதை வைத்துக் கேட்பார். அக்சிலரேட்டரை இரண்டு தரம் மிதிப்பார். "ஒன்றும் இல்லையே" என்பார்.

இப்படியே எட்டு மாதம் போனது. சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நொசில்கள் நான்கையும் கழற்றிச் சரிபார்த்துப் பூட்டினார்கள். பில்டர் மூன்று தரம் மாறியது. வால்வு இடைவெளி பார்த்தார்கள். வழியில் எப்போதாவது டீசல் அடிக்கும் ஒரு நிரப்பு நிலையத்தின் மீது சந்தேகப்பட்டு, அங்கே தண்ணீர் கலக்கிறார்கள் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லியும் வைத்தேன். அந்த நிலையத்தின் மீது எந்தப் பிழையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த எட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை, பொனட்டைத் திறக்கவே தயங்கும் ஒருவருக்கும் விளங்கும்படி எழுதிப்பார்க்கிறேன்.

மிஸ் அடிப்பது என்றால் என்ன

முன்பு வீடுகளில் மூன்று பெண்கள் ஓர் உரலைச் சுற்றி நின்று மாற்றி மாற்றி நெல் குத்துவார்கள். ஒருவர் உலக்கை இறங்கும்போது மற்றவர் உலக்கை ஏறிக்கொண்டிருக்கும். தொம், தொம், தொம் என்று தாளம் தவறாமல் கேட்கும். ஒருத்திக்குக் கை வழுக்கினால் பார்க்கவே தேவையில்லை. அடுத்த அறையில் இருப்பவருக்கும் தாளத்தில் ஒரு பள்ளம் விழுந்தது தெரிந்துவிடும்.

நான்கு சிலிண்டர் என்ஜினும் அப்படித்தான். ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது ஓர் அடி கொடுக்கிறது. பெரும்பாலான என்ஜின்களில் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பது அந்த முறை. என்ஜின் சும்மா நின்று ஓடும்போது நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் ஒவ்வொரு சிலிண்டரும் அடிப்பதால், நான்கும் சேர்ந்து ஒரு விநாடியில் 25 அடி கொடுக்கின்றன. அதில் ஓர் அடி விழாமல் போவதும், விழுந்தும் பலமில்லாமல் போவதும்தான் மிஸ். எப்போதும் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்றால் கண்டுபிடிப்பது சுலபம். சில நேரம் அடித்து, சில நேரம் அடிக்காமல் விடுவதுதான் மனிதனைக் கொல்லும் வகை.

பெற்றோல் என்ஜின் பழகியவர்கள் மிஸ் என்றதும் பிளக்கைக் கழற்ற ஓடுவார்கள். டீசலில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி நெருக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுவது அதனால்தான். டீசல் என்ஜின் இதையே மூர்க்கமாகச் செய்கிறது. என் டொல்பின் போன்ற பழைய என்ஜின்கள் காற்றை ஏறத்தாழ 22 மடங்கு நெருக்கும். புதிய வகைகளில் 16 முதல் 18 மடங்கு. அப்போது காற்று 500 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கிறது. அந்த நொடியில் நொசில் டீசலைப் பனிபோலத் தூவுகிறது. தூவியது தானே பற்றிக்கொள்கிறது.

எனவே ஒரு சிலிண்டர் ஒழுங்காக அடிக்க வேண்டுமானால், காற்று போதிய அளவு நெருக்கப்பட வேண்டும். டீசல் சரியான அளவில், ஒழுகாமல், தூவலாக வர வேண்டும். வரவேண்டிய நேரத்தில் வர வேண்டும். மிஸ் அடிக்கும் எந்த டீசல் என்ஜினிலும் இந்த மூன்றில் ஒன்றுதான் தவறியிருக்கும். என் அனுபவத்தில், விட்டுவிட்டு அடிக்கும் மிஸ் என்றால் பெரும்பாலும் டீசல் வரும் வழியில்தான் கோளாறு. நெருக்கம் குறைந்த சிலிண்டர் ஒரு நாள் நல்லவனாகவும் மறுநாள் கெட்டவனாகவும் நடிப்பது குறைவு.

முதலில் அது என்ஜின்தானா என்று பாருங்கள்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உதறல் எல்லாம் மிஸ் அல்ல. ஏசி கொம்பிரசர் பூட்டிக்கொள்ளும்போது என்ஜின் ஒரு கணம் தாழும். திருகோணமலை வெயிலில் ஏசி இல்லாமல் யாரும் ஓடுவதில்லை என்பதால் இதையே மிஸ் என்று கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். ஏசியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். என்ஜினைத் தாங்கும் இறப்பர்கள் கிழிந்தாலும், புரப்பல்லர் தண்டின் மூட்டுத் தேய்ந்தாலும் உடம்பு குலுங்கும். ஒரே வேகத்தில், ஒரு தரம் நான்காவது கியரிலும் ஒரு தரம் மூன்றாவதிலும் ஓட்டிப்பாருங்கள். குலுக்கம் மாறாமல் அப்படியே இருந்தால் அது சில்லுப் பக்கத்துக் கதை. கியருக்கு ஏற்ப மாறினால் என்ஜின் பக்கம்.

நேரம் எழுதிய கொப்பி

எட்டாவது மாதத்தில், கராஜ் வேலையை விட்டு வீட்டோடு இருந்த ஒரு பெரியவரிடம் பாலையூற்றில் வானைக் கொண்டுபோனேன். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தபடி கேட்டார்.

"தம்பி, எந்தச் சிலிண்டர் என்பதைப் பிறகு பார்ப்போம். எப்போது அடிக்கிறது என்று சொல்லும்."

"கந்தளாய்ப் பக்கம் வரும்போது ஐயா."

"கந்தளாய்க்கும் என்ஜினுக்கும் என்ன பகை? அது இடம். நான் கேட்டது நேரம். என்ஜின் சூடா, குளிரா? ஏற்றமா, சமதரையா? தாங்கியில் டீசல் எவ்வளவு?"

கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஹயர் கணக்கு எழுதும் கொப்பியிலேயே இன்னொரு பக்கத்தில் கோடு போட்டு, மிஸ் அடிக்கும் ஒவ்வொரு தரமும் இவற்றை எழுதிவரச் சொன்னார். மூன்று பயணத்துக்குப் பிறகு கொப்பியைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஏழு இடத்தில் எழுதியிருந்தேன். ஏழிலும் டீசல் முள் கால் பங்குக்குக் கீழே.

குறை எப்போதும் வண்டிக்குள்தான் இருக்கிறது. அது வெளியே தலைகாட்ட ஏதாவது ஒரு சாட்டு வேண்டும்: சூடு, குளிர், பாரம், மழை, மேடுபள்ளம், தாங்கியின் மட்டம். சாட்டு எது என்று தெரிந்துவிட்டால், கராஜில் வைத்தே அந்தச் சாட்டை உண்டாக்கிக் குறையை வரவழைக்கலாம். நான் செய்த பிழை, காலையில் டீசல் நிரப்பிக்கொண்டு கராஜுக்குப் போனது. மெக்கானிக்குக் காட்டுவதற்கு முன்பே நானே சாட்டை அழித்துவிட்டேன்.

ஓட்டை விழுந்த ஸ்ட்ரோ

செவ்விளநீருக்குப் போடும் ஸ்ட்ரோவில் நடுவில் ஒரு கீறல் இருந்தால் என்ன நடக்கும்? கீறல் இளநீருக்குள் மூழ்கியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நீர் மட்டம் கீறலுக்குக் கீழே இறங்கியதும் பாதி நீரும் பாதிக் காற்றும் வாய்க்குள் வரும். டீசல் தாங்கிக்குள் மேலிருந்து அடிவரை இறங்கும் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. என் வானில் அந்தக் குழாய்தான் ஸ்ட்ரோ.

பெரியவர் அதை உறுதிசெய்த விதத்தை இன்றும் மறக்கவில்லை. தாங்கியில் பத்து லீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டு மீதியை எடுக்கச் சொன்னார். பில்டருக்கும், டீசலை அழுத்தி நொசில்களுக்கு அனுப்பும் பம்புக்கும் இடையே இருந்த கறுப்பு இறப்பர்க் குழாயைக் கழற்றி, ஒரு சாண் நீளத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைப் பூட்டினார். என்ஜினை ஓடவிட்டோம். குழாய்க்குள் டீசல் தேன் நிறத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தது. அக்சிலரேட்டரை மெல்ல மிதித்துப் பிடித்ததும் ஒரு குமிழி வந்தது. பிறகு இரண்டு. கொஞ்ச நேரத்தில் சோடாப் போத்தலைத் திறந்ததைப் போலச் சரம் சரமாக. அதே நேரத்தில் என்ஜின் விக்கத் தொடங்கியது. எட்டு மாதமாகக் காட்டுக்குள் மட்டும் கேட்ட அந்தச் சத்தம், பாலையூற்றில் பகல் பதினொரு மணிக்கு, எல்லோரும் பார்க்க.

காற்று ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? டீசலை நெருக்க முடியாது; காற்றை நெருக்கலாம். பம்ப் ஒரு தரம் அழுத்தும்போது வழியில் குமிழி இருந்தால், அழுத்தம் எல்லாம் குமிழியைச் சுருக்குவதில் செலவாகிவிடும். நொசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. அந்தச் சிலிண்டருக்கு அந்த முறை டீசல் இல்லை. அடுத்த குமிழி வேறு சிலிண்டரின் முறைக்குப் போகும். அதனால்தான் மிஸ் ஒரு சிலிண்டரில் நிற்காமல் அலைகிறது. நான்கு நொசிலையும் கழற்றிப் பார்த்தும் எதிலும் குறை காணாததன் காரணமும் இதுதான்.

தாங்கியின் மேல் மூடியைக் கழற்றிக் குழாயை வெளியே எடுத்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துடைத்து, ஒரு முனையைப் பெருவிரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதினார். குழாயின் பக்கவாட்டில், துருப்பிடித்த ஒரு கறைக்குள் இருந்து, நூல் பிடித்ததுபோல மெல்லிய குமிழிக் கோடு ஒன்று மேலே எழுந்தது. ஊசி குத்திய அளவுத் துளை. பித்தளை வைத்து ஒட்டினார்கள். நொசில் வேலைக்குக் கொடுத்த பணத்தில் இருபதில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

தாங்கியில் இருந்து பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது; தள்ளப்பட்டு வருவதில்லை. பழைய வான், லொறி பெரும்பாலானவற்றில் இப்படித்தான். உறிஞ்சும் பாதையில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு "எங்கும் ஒழுக்கு இல்லை" என்று நிம்மதி அடைவதில் பயனில்லை. குழாய்கள் கிளிப்பின் அடியில் வெடித்திருக்கலாம். பில்டரின் அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணத்தின் இறப்பர் வளையம் பழுதாகியிருக்கலாம். பில்டரின் தலையில் கையால் அமுக்கும் சிறிய பம்ப் உள்ள வாகனங்களில், அதன் உள்ளே இருக்கும் இறப்பர்ச் சவ்வு கிழிந்தாலும் இதே கதை. இரவு நிறுத்திவைத்த பிறகு காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருந்தால், கையால் நாலு தரம் அமுக்கியதும் உடனே பற்றிக்கொண்டால், காற்றுதான் என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம்.

குறை தாங்கிப் பக்கமா, பம்ப் பக்கமா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. வாகனத்தை நிறுத்திவைத்தபடி, ஒரு சுத்தமான கானில் டீசல் ஊற்றி, பம்புக்குப் போகும் குழாயையும், மிஞ்சிய டீசல் தாங்கிக்குத் திரும்பி வரும் குழாயையும் அதற்குள் விட்டு ஓடவிடுங்கள். மிஸ் போய்விட்டால் பம்பும் நொசிலும் குற்றவாளிகள் அல்ல. கானைக் கட்டிக்கொண்டு தெருவில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

தண்ணீர், சேறு, 2022

சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கும் ஊரில் இருந்துகொண்டு, 2022இல் ஐந்து லீற்றர் டீசலுக்கு நாங்களும் இரவிரவாக வரிசையில் நின்றோம். கிடைத்ததை அகப்பட்ட பிளாஸ்டிக் கான்களிலும் பழைய பீப்பாய்களிலும் சேர்த்துவைத்தோம். அந்தக் காலத்தில் தாங்கிக்குள் போன தண்ணீரும் துருவும் சில வாகனங்களில் அதன் பிறகும் நெடுநாள் வேலை காட்டின.

தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாகனம் நிற்கும்போது, பாதி காலியான தாங்கிக்குள் ஈரக்காற்று புகுந்து குளிர்ந்து துளியாகவும் சேரும். வளைவில் திரும்பும்போதும் மேடுபள்ளத்தில் குலுங்கும்போதும் அடித்தண்ணீர் கலங்கிக் குழாய் வாய்க்கு வந்தால் என்ஜின் நாலு அடி தவறிவிட்டு மறுபடி சரியாகிவிடும். பரிசோதனை மிகச் சுலபம். பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சம் பிடியுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நடுவில் ஒரு கோடு விழுந்து அடியில் வேறொரு நிறம் தெரிந்தால், அது தண்ணீர். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழுவழுப்பான பாசிபோல ஒன்றையும் உண்டாக்கும். அது போத்தலில் கறுப்புத் துணுக்குகளாகத் தெரியும்.

இந்தத் துணுக்குகள் செய்யும் குறும்பு ஒன்று உண்டு. வாகனம் நன்றாக இருபது நிமிடம் ஓடும். பிறகு இழுவை குறைந்து, மிஸ் அடித்து, சில நேரம் நின்றே விடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலப் பற்றிக்கொள்ளும். ஓடும்போது குப்பை உறிஞ்சப்பட்டுக் குழாய் வாயில் உள்ள வலையில் ஒட்டிக்கொள்கிறது. என்ஜின் நின்றதும் உதிர்ந்து அடியில் விழுந்துவிடுகிறது. ஒட்டுவது உதிர்வது என்று மாறிமாறி நடப்பதால் யாருக்கும் பிடிபடாது. தாங்கி மூடியில் காற்றுப் போகும் துவாரம் அடைத்துக்கொண்டாலும் இதே அடையாளம்தான். அடுத்த தரம் இழுவை குறையும்போது ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடிதான் எதிரி.

பில்டர் அடைப்பு இவ்வளவு நாடகம் ஆடாது. நின்ற இடத்தில் நன்றாக ஓடும். உவர்மலை ஏற்றத்தில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஏறினால் திணறும். மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதான்.

காலையில் மட்டும் அடித்தால்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு பக்கமாக உதறி, வெள்ளைப் புகை தள்ளி, இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகும் என்ஜின்கள் உண்டு. அந்த வெள்ளைப் புகையில் கண்ணை எரிக்கும் பச்சை டீசல் மணம் இருக்கும். டீசல் வந்திருக்கிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். காற்றுப் போதிய அளவு சூடாகவில்லை.

இங்கே எல்லோரும் முதலில் குளோ பிளக்கை மாற்றச் சொல்வார்கள். குளிர்ந்த சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் சிறு கம்பி அது. நுவரெலியாவில் என்றால் அந்த ஆலோசனை சரி. திருகோணமலையில் விடியற்காலையிலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசல் தூவும் புதிய என்ஜின்கள் இந்தச் சூட்டில் குளோ பிளக்கின் உதவி இல்லாமலே பற்றிவிடும். எனவே அத்தகைய வாகனம் இந்த ஊரில் காலையில் உதறினால், எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் அந்தச் சிலிண்டரின் நெருக்கம் குறைந்திருக்கிறது, அல்லது நொசில் இரவில் ஒழுகியிருக்கிறது என்பதுதான். என் டொல்பின் மாதிரிப் பழைய என்ஜினுக்கு மட்டும் குளோ பிளக் இங்கேயும் வேண்டும். மல்டிமீற்றரை வைத்து அளந்தால் நல்ல பிளக் ஏறத்தாழ ஓர் ஓம் காட்டும். செத்தது ஒன்றுமே காட்டாது.

வெள்ளைப் புகையில் டீசல் மணம் இல்லாமல், ரேடியேற்றரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், விளையாட வேண்டாம். சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற தகட்டின் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. அன்றே நிறுத்துங்கள்.

எந்தச் சிலிண்டர்

நேரம் தெரிந்த பிறகும் குறை ஒரே சிலிண்டரில் நிற்பதாகத் தோன்றினால் மட்டுமே இந்தக் கேள்விக்கு வர வேண்டும். பழைய பம்ப் உள்ள என்ஜினில் மெக்கானிக் செய்வது இது: என்ஜின் சும்மா ஓடும்போது, ஒவ்வொரு நொசிலுக்கும் போகும் இரும்புக் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துவார். பெரும்பாலும் 17ஆம் இலக்க ஸ்பேனர். நன்றாக அடிக்கும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் என்ஜின் உடனே நொண்டும். ஏற்கெனவே அடிக்காமல் இருக்கும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் வராது. மாற்றம் வராததுதான் ஆள். நட்டைச் சுற்றித் துணியைப் போட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு செய்ய வேண்டும்.

பிறகு அந்தச் சிலிண்டரின் நொசிலை அடுத்ததோடு இடம் மாற்றிப் பூட்டலாம். மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால் நொசில். மாறாமல் பழைய இடத்திலேயே இருந்தால் நெருக்கம், வால்வு அல்லது அந்தக் குழாய். நெருக்கத்தை அளக்கும் மீற்றரில் இந்தப் பழைய என்ஜின்கள் ஏறத்தாழ 30 பார் அழுத்தம் காட்டும். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 5 பாருக்கு மேல் தாழ்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. நொசிலின் அடியில் உள்ள செப்பு வொஷர் வழியே கசிந்தால், சுற்றிலும் தார் போலக் கறுப்புப் பிசின் படியும். சுக், சுக் என்று ஒரு சத்தமும் வரும். அதற்கு மீற்றர் தேவையில்லை, டோர்ச் போதும்.

கேடிஎச்காரர்கள் கவனிக்கவும்

மேலே சொன்ன நட்டுத் தளர்த்தும் வேலையை, கேடிஎச் என்று அழைக்கும் புதிய ஹயேஸ் வான் போன்றவற்றில் உள்ள கொமன் ரயில் என்ஜினில் ஒருபோதும் செய்யக்கூடாது. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் லொறிகளில் கொண்டுவந்து, இன்று வான் முதல் பிக்அப் வரை பரவியிருக்கும் முறை அது. டீசலைத் தூவும் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான, ரயில் எனப்படும் ஒரு தடித்த குழாயில் டீசல் எப்போதும் அழுத்தத்தில் நிற்கும். சும்மா ஓடும்போதே 300 பார் அளவில்; மிதித்தால் 1,500ஐத் தாண்டும். தளர்ந்த நட்டின் வழியே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த அளவுக்குத்தான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இத்தகைய வாகனத்தில் ஸ்கேன் கருவியைப் பூட்டி அதன் கணினியிடம்தான் கேட்க வேண்டும். பி0301 முதல் பி0304 வரையான குறிகள் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். பி0300 என்றால் மிஸ் அலைகிறது. பி0087 என்றால் ரயிலில் அழுத்தம் போதவில்லை. ஆனால் குறி ஒன்றும் விழவில்லை என்பதால் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் கொடுத்துக் கணினி தாளத்தைச் சமப்படுத்தப் பார்க்கிறது. அந்தத் திருத்த அளவுகளைத் திரையில் பார்க்கலாம். மூன்று சுழியத்தை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் ஒதுங்கி நின்றால் அந்தச் சிலிண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று பொருள்.

இன்னொன்று வயர். இந்த ஊரின் காற்றில் உப்பு இருக்கிறது. நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் படகு இறக்கக் கடற்கரை மணலுக்கே போகும் வாகனங்களில், இன்ஜெக்டர் சொக்கெட்டுகளைக் கழற்றினால் செப்பின் மேல் பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருக்கும். மழை நாளிலும் குலுக்கத்திலும் மட்டும் மிஸ் அடித்தால் முதலில் இதைப் பாருங்கள். என்ஜின் சும்மா ஓடும்போது வயர்க் கட்டை மெல்ல அசைத்துக்கொண்டே போக, ஓர் இடத்தில் தாளம் தவறும். இன்ஜெக்டர் சொக்கெட்டை ஓடும் என்ஜினில் கழற்ற வேண்டாம். அங்கே போகும் மின்னழுத்தம் பற்றரி அளவு அல்ல.

மச்சானிடம் ஒரு கேடிஎச் இருக்கிறது. போன மாதம் வந்து, "அத்தான், இதுவும் விக்குகிறது" என்றான். நான் கொப்பி ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். இதுவரை நான்கு வரிகள் எழுதியிருக்கிறான். நான்கிலும் என்ஜின் நல்ல சூடு. நான்கும் தேநீருக்கு நிறுத்தி, பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தபோது. தாங்கி ஒரு தரம் முக்கால், ஒரு தரம் கால், இரண்டு தரம் பாதி. ஆகவே ஸ்ட்ரோ அல்ல. மழை இல்லை. திரையில் மூன்றாவது சிலிண்டரின் திருத்தம் மட்டும் மூன்றைத் தாண்டி நிற்கிறது. சூடேறினால் டீசல் நீர்த்துப்போகும். உள்ளே தேய்ந்த இன்ஜெக்டர் அப்போது திரும்பு குழாய் வழியே கூடுதலாக விட்டுவிடும். ரயிலில் அழுத்தம் ஏற நேரமாகும். நாலு இன்ஜெக்டரின் திரும்பு குழாய்களையும் நாலு போத்தலில் விட்டு, ஒரு நிமிடத்தில் எது அதிகம் நிரம்புகிறது என்று ஒரு வேலைத்தளத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வான் சூடாக இருக்கும்போதே கொண்டுபோ என்றும், வழியில் தேநீருக்கு நிறுத்தாதே என்றும் சொன்னேன். தேநீரை வேலைத்தளத்து வாசலில் குடிக்கட்டும்.